துதிக்கையில் ஊதியவர்

காலை ஆறே முக்கால் மணிக்கு யானைக்காரரின் உள்ளங்கையில் ஐந்து மாத்திரைகள் இருந்தன. எதிரே தண்ணீர்ச் செம்போடு அவர் மனைவி நின்றிருந்தாள். வெறும் வயிற்றில், அவள் கண் முன்னால், ஒன்றுவிடாமல் விழுங்கவேண்டும் என்பது அந்த வீட்டில் இரண்டு மாதமாக நடக்கும் சட்டம். அப்போதுதான் போன் அடித்தது. மிருகக்காட்சி சாலையின் காவலாளி.

"அண்ணே, பெரியவ போயிட்டா. விடியறதுக்கு முன்ன படுத்தா. அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

யானைக்காரர் உள்ளங்கையை மூடிக்கொண்டார். காவலாளி துக்கம் சொல்வதற்காக மட்டும் கூப்பிடவில்லை, அவருக்கு வேறொரு தலைவலி இருந்தது. கொட்டகையில் யானைகள் இரண்டு. இறந்துபோனது மூத்தது. இளையதை எல்லோரும் சின்னவள் என்பார்கள். சின்னவள் இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள இரும்புக் கதவின்மேல் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு நிற்கிறாளாம். அந்தக் கதவைத் திறந்தால்தான் பெரியவளிடம் போகமுடியும். டாக்டர் வந்துவிட்டார், கிரேன் வந்துகொண்டிருக்கிறது, பழத்தைக் காட்டியும் பார்த்தாயிற்று, ஆள் மாற்றி ஆள் கெஞ்சியும் பார்த்தாயிற்று.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்கும்ணே. போனை அதுங்காதுகிட்டப் பிடிக்கிறேன்."

தினமும் சொல்கிற அதே குரலில்தான் அவர் சொன்னார். "நகரு கண்ணு. பின்னால போ. அக்காவைப் பாக்க ஆள் வந்திருக்காங்க, வழி விடு."

அந்தப் பக்கம் இரும்பு முனகியது. யாரோ மூச்சு விட்டார்கள், மனிதரா யானையா என்று தெரியவில்லை. "நகந்துடுச்சுண்ணே," என்ற காவலாளி உடனே வைத்துவிட்டார்.

கையை விரித்தபோது மாத்திரைகள் வியர்வையில் நசநசத்துப்போய் உள்ளங்கை முழுக்கச் செங்காவி படிந்திருந்தது. மனைவி போய் வேறு ஐந்து எடுத்துவந்தாள். "அழறதா இருந்தா முழுங்கிட்டு அழுங்க," என்றாள். விழுங்கினார். அழுகை வரவில்லை. இரண்டு மாதமாகக் கூடவே உட்கார்ந்து கூடவே படுத்து எழுந்த கேள்விதான் வந்தது. அவளுக்கு இந்த வியாதியைக் கொடுத்தது நானா?

அவர் யானைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் இல்லை. குழாய் ரிப்பேருக்கு வந்தவர். யானைக் கொட்டகையில் விடிய விடியத் தண்ணீர் ஓடிக் கிடக்கிறது என்று ஆள் தேடினார்கள், இவர் போனார். பார்த்தால் குழாயில் ஒரு குற்றமும் இல்லை. பெரியவள்தான் துதிக்கை நுனியால் திருகித் திறந்துவிட்டு, மூட மனமில்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பிடி இல்லாத வேறு குழாய் மாட்டினார். மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அதையும் திறந்திருந்தாள். அழுத்தித் திருகும் குழாய் மாட்டினார். அதற்கு மட்டும் அவளுக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. இப்படி இவர்கள் இருவரும் ஒரு வாரம் மல்லுக்கட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்பாளர், இவளுக்கு நீதான் சரியான ஆள் என்று வேலை போட்டுக் கொடுத்துவிட்டார். மகள் பிறந்த வருஷம் அது. மகள் வளர்ந்து கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும், "அப்பாவுக்கு நான் ரெண்டாவது பொண்ணுதானே," என்று குத்திக்காட்டுவதை விடவில்லை. மனைவி இன்னும் ஒரு படி மேலே. ஆம்பளைங்க சின்ன வீடு வெச்சுக்குவாங்க, எங்க வீட்டுக்காரருக்குக் கொட்டகைதான் பெரிய வீடு, நாந்தான் சின்ன வீடு என்று, திரைச்சீலை தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். தைப்பதை நிறுத்தாமலே சொல்வாள்.

கொட்டகை வேலையில் பாதி, அள்ளுவதும் கழுவுவதும்தான். மீதிப் பாதி கால். காட்டில் நடந்தால் நகம் தானே தேயும். சிமெண்டுத் தரையில் நிற்கிற யானைக்கு நகம் வளர்ந்து, வெடித்து, உள்ளே சீழ் கட்டும். அவ்வளவு பெரிய உடம்பு கடைசியில் ஒரு நகத்தால் விழுந்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு கால் என்று முறைவைத்து, இரும்பு முக்காலிமேல் காலை எடுத்துவைக்கச் சொல்லி, உள்ளங்காலைச் சுரண்டி, பெரிய அரத்தால் நகத்தை ராவிவிடுவார். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். ராவுவதை நிறுத்தினால் ஒரு கண்ணை மட்டும் திறப்பாள்.

காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் முதல் வேலை ஒன்று உண்டு. பெரியவள் கம்பிக்கு வெளியே துதிக்கையை நீட்டுவாள். அதன் ஈர நுனியை இரண்டு கையாலும் ஏந்தி, வாயை வைத்து, இவர் மெதுவாக உள்ளே ஊதுவார். யானைக் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் பலரும் இப்படித்தான் வணக்கம் சொல்கிறார்கள். யானை அந்த மூச்சை இழுத்துக்கொண்டு ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும். பிறகு தன் பங்குக்கு இவர் முகத்தில் ஊதும். வைக்கோலும் நனைந்த இரும்பும் கலந்த வாசனை. அது இல்லாமல் அவருக்கு நாள் தொடங்காது.

வருஷத்துக்கு ஒரு முறை காசநோய்ப் பரிசோதனை வரும். யானைக்கும் காசநோய் வரும் என்று சொன்னால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். டாக்டர் பெரிய ஊசிக்குழலால் உப்புத் தண்ணீரைத் துதிக்கைக்குள் விடுவார். யானை துதிக்கையைத் தூக்கிப் பிடித்திருந்து, சொன்னதும் இறக்கி, சுத்தமான ஒரு பைக்குள் ஊதவேண்டும். அந்தத் தண்ணீர் ஆய்வகத்துக்குப் போகும். சின்னவள் பையைக் கிழிப்பாள். பெரியவளோ பரீட்சையில் முதல் மாணவி மாதிரி. அன்றைக்கு இவர் இருட்டோடு போய் அவளைத் தயார் செய்வார். நெற்றியைத் துடைப்பார். ஒரு வாளித் தண்ணீர் வைத்து, உறிஞ்சி ஊதச் சொல்வார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூக்கு ஒழுக டாக்டர் முன்னால் நிறுத்தலாமா? பையில் விழும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். "உங்க பொண்ணு ரொம்ப சுத்தம்," என்பார் டாக்டர். இவருக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவாது.

தனக்கு இருமல் வந்தபோது வைக்கோல் தூசி என்றார். சட்டை தொளதொளத்தபோது, வயசாகிறது இல்லையா என்றார். மனைவிதான் ஒரு சட்டையைத் தோளில் பிடித்துத் தைத்துக்கொடுத்து, அடுத்த மாதமே அதே சட்டையை மறுபடி பிடிக்கவேண்டி வந்ததும் ஊசியைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சளி எடுத்தார்கள். முடிவு வந்த அன்று அவர் பெரியவளின் பின் இடது காலில் இருந்தார். நான்கு நகத்தில் இரண்டை ராவி முடித்திருந்தார். அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருக்கிறது, உடனே வரச் சொன்னார்கள், இனி யானைகிட்ட நிற்காமல் அப்படியே வாருங்கள் என்றான். அவர் அரத்தை ஆணியில் மாட்டினார். மீதியை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று அவளிடம் சொன்னார். அதற்குப் பிறகு உள்ளே விடவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பெரியவளின் ரத்தத்தையும் பார்த்தார்கள். அவளுக்கும் அதே காசநோய். மருந்தைப் பழத்தில் வைத்தால் பழத்தை மட்டும் தின்று மருந்தைத் துப்பினாள். ரொட்டியில் வைத்தால் ரொட்டியையே தொடவில்லை. இவர் வீட்டில் இருந்தபடியே போனில் யோசனை சொன்னார். சில நாள் பலித்தது.

யார் யாருக்குக் கொடுத்தது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. தீவனம் இறக்குகிறவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், இது மனுச வியாதி, மனுசன்கிட்ட இருந்துதான் போயிருக்கும் என்று. கண்காணிப்பாளர் அதையே மரியாதையான வார்த்தைகளில் சொன்னார். மனைவிக்கும் சந்தேகமில்லை, ஆனால் நேர் எதிர்ப்பக்கம். "தினம் மூஞ்சில ஊதினது யாரு? நானா? அவதானே? நீங்க என்னவோ குத்தவாளி மாதிரி தலையைத் தொங்கப்போட்டுட்டு." இவர் இரண்டு பக்கத்தையும் நம்பினார். காலையில் ஒன்றை, மதியம் மற்றொன்றை. இருமல் முதலில் வந்ததா, அவள் புல்லில் மிச்சம் வைக்க ஆரம்பித்தது முதலில் வந்ததா என்று யோசித்து யோசித்து, கடைசியில் இரண்டும் எப்போது வந்தன என்பதே குழம்பிப்போயிற்று. பந்தல் மாதிரி காது தொங்க அவள் நின்ற ஒரு மழை நாள் ஞாபகம் வந்தது. அது எந்த வருஷத்து மழை என்று ஞாபகம் வரவில்லை.

பெரியவளை அறுத்துப் பார்த்துப் புதைத்தார்கள். நுரையீரலிலிருந்து துண்டுகள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பதாகவும், இவருடைய சளியிலிருந்து வளர்த்த கிருமியும் அங்கேதான் இருப்பதாகவும், இரண்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும் என்றும் டாக்டர் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை இவர் பிடித்துக்கொண்டார். தெரிந்துவிடும். நானென்றால் நான். ஆமாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எப்படி இருக்கவேண்டும் என்று பழகிக்கொள்ளலாம். காசநோய்க் கிருமி வளர்வதற்கே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் காத்திருப்பு நீண்டது. மருந்து ஒழுங்காகப் போனதில் இவருக்கு எடை கூடியது. மனைவி சட்டைகளின் தையலைப் பிரித்துவிட்டாள். யாருக்கும் இனி இவரால் தொற்றாது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது.

ஆய்வகத்து அம்மாவுக்கு இவர் மகளைவிட ஓரிரண்டு வயது கூட இருக்கலாம். மேசைமேல் பாதி குடித்த காப்பிக் கோப்பை ஆறிக் கிடந்தது. கணினித் திரையில் படுக்கவைத்த மரம் மாதிரி ஒரு கோட்டுப் படம். கிளைகளின் முனையில் புள்ளிகள். அதில் தான் எந்தப் புள்ளி என்று தேடுவதற்குள் அந்த அம்மா பேச ஆரம்பித்துவிட்டார்.

கிருமியின் மரபணு என்பது ஒரு நீளமான எழுத்து வரிசை என்றார். கிருமி ஒன்று இரண்டாகும்போது அந்த வரிசையைப் பார்த்துப் படியெடுக்கிறது. எப்போதாவது ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிடும். அதற்கடுத்த படிகளிலெல்லாம் அந்தத் தப்பு கூடவே போகும். அதனால், இரண்டு பேரிடம் இருக்கும் கிருமிகளில் எத்தனை எழுத்து வித்தியாசம், எந்தத் தப்பு பொதுவாக இருக்கிறது என்று பார்த்தால் அவை எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம். மனிதரா மிருகமா என்பது கிருமிக்கு ஒரு பொருட்டே இல்லை.

யானைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு கேட்டார், "நான் குழாய் வேலை பாத்தவன் மேடம். தண்ணி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போச்சு, அதை மட்டும் சொல்லுங்க."

அந்த அம்மா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "பெரியவளோட நுரையீரல்ல ஆறு இடத்துல எடுத்தோம். ஆறும் ஒரே குடும்பம்தான். ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. இவ்வளவு மாறியிருக்குன்னா அவ உடம்புல அது பல வருஷமா இருந்திருக்கணும். உங்க கிருமி இதோ, இந்தக் கிளைல. ஆறுல ஒண்ணுக்கும் உங்களுதுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். படத்தைப் பாத்தா, அவகிட்ட இருந்து உங்களுக்கு வந்த மாதிரிதான் தெரியுது."

இவர் அந்தப் புள்ளியைப் பார்த்தார். மனைவி சொன்னதுதான் சரி. இரண்டு மாதம், அதற்கு மேல் எத்தனை வாரம், சுமந்துகொண்டு திரிந்தது இறங்கியிருக்க வேண்டும். "அப்ப நான் குடுக்கல," என்று சொல்லிப் பார்த்தார்.

"அப்படி அடிச்சுச் சொல்லவும் முடியாதுங்க. அவகிட்ட ஆறு துண்டு எடுத்தோம். உங்ககிட்ட எடுத்தது ஒரே ஒரு டப்பா சளி. உங்களுக்குள்ளயும் பல ஜாதி இருந்து, எங்க கைல சிக்கினது ஒண்ணு மட்டுமா இருந்தாலும் படம் இப்படித்தான் வரும்."

"என் நுரையீரல்லயும் ஆறு இடத்துல எடுத்துக்குங்களேன்."

"உயிரோட இருக்கறவங்ககிட்ட அப்படி எடுக்கமாட்டோம்," என்றார் அந்த அம்மா. இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்தது இவருக்கு உடனே உறுத்தியது. உங்கள் இருவருக்குமே மூன்றாவது ஆள் ஒருவரிடமிருந்து எப்போதோ வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது, வாய்ப்புக் குறைவுதான், ஆனால் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றும் அந்த அம்மா சேர்த்துக்கொண்டார். இவர் மூன்று பக்கமும் தலையாட்டினார்.

கிளம்ப எழுந்தபோதுதான் அந்த அம்மா கேட்டார். "எங்களுக்கு ஒண்ணு மட்டும் புரியவே இல்ல. பல வருஷமா உள்ள இருந்திருக்கு. வருஷா வருஷம் துதிக்கைத் தண்ணி எடுத்து அனுப்பியிருக்கீங்க. ஒண்ணுல கூடக் கிருமி வரல. எப்படி எடுப்பீங்க?"

இதற்கு அவருக்குப் பதில் தெரியும். அன்று அந்த அறையில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். உட்கார்ந்துகொண்டு ஆசையாகச் சொன்னார். இருட்டோடு போவது, வாளித் தண்ணீர், மூன்று தடவை உறிஞ்சி ஊதவைப்பது, பையில் விழும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பது. சின்னவள் பையைக் கிழிப்பதைக்கூடச் சொன்னார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கோப்பையை எடுத்து, அதில் இருப்பது ஆறிப்போன காப்பி என்று பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"அந்த முதல் தண்ணிலதான் கிருமி இருக்குங்க," என்றார் மெதுவாக. "கழுவறதுக்கு முன்னால வர்றது. எங்களுக்கு வேண்டியது அந்தச் சளிதான்."

"அழுக்குத் தண்ணிங்களா?"

"ஆமாங்க."

வாளித் தண்ணீரை அவர் சாக்கடையில் கொட்டுவது வழக்கம். அதையும் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். உங்கள்மேல் தப்பில்லை, இதை யாராவது உங்களிடம் சொல்லியிருக்கவேண்டும் என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். வாசல் வரை வந்தார்.

பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. எதையும் பார்க்கவில்லை. நான் கொடுத்திருந்தால், நான் கொன்றேன். அவள் கொடுத்திருந்தால், வியாதி வருஷக்கணக்காக அவளுக்குள் இருந்திருக்கிறது, வருஷா வருஷம் அது வெளியே வந்தபோதெல்லாம் நான் கழுவி விட்டிருக்கிறேன். அப்போதே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்திருக்கலாம். பிழைத்திருப்பாளா? மருந்தைத் துப்புகிறவள். வலு இருந்த காலத்தில் துப்பியிருக்கமாட்டாளோ என்னவோ. யார் கொடுத்தது என்று தெரிந்தால் போதும் என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போது அது பாதி தெரிந்துவிட்டது, அதனால் என்ன தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டார்.

வீட்டில் மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை, அதுவே அபூர்வம்.

"அப்ப யாரு யாருக்குக் குடுத்ததுன்னு சொல்றாங்க?"

"அவதான் எனக்குக் குடுத்த மாதிரி இருக்காம். அடிச்சுச் சொல்லமுடியாதாம்."

"நாந்தான் அப்பவே சொன்னேனே," என்றவள், அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பேச்சை விட்டாள். இத்தனை வருஷம் பெரியவளைச் சக்களத்தி மாதிரி ஏசியவள், துணியை மடித்துக்கொண்டே சொன்னாள், "நம்ம பொண்ணுக்குச் சளி பிடிச்சப்ப டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோமே, அப்ப மூக்கைச் சிந்தி, மூஞ்சியைக் கழுவி, பவுடர் போட்டுத்தானே கூட்டிட்டுப் போனேன். யாருதான் அப்படியே கூட்டிட்டுப் போவாங்க?"

அவர் கை கழுவிக்கொண்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுபடி வேலைக்கு வரலாம் என்று தாள் வந்ததும் போனார். கொட்டகையில் புது முறைகள். எல்லோரும் முகக்கவசம் போடவேண்டும். ஊதக்கூடாது. சின்னவளுக்குப் பரிசோதனை இனி காலையில் தண்ணீர் காட்டுவதற்கு முன்னால்தான். அதை அவளுக்குப் பழக்கவேண்டிய பொறுப்பும் இவருக்குத்தான். கண்காணிப்பாளர் இதையெல்லாம் சொல்லும்போது இவர் கண்ணைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டார். தீவனம் இறக்குகிறவர் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்து தோளைத் தொட்டார். யானையிலிருந்துதான் வந்ததாமே என்றார். எப்படியோ செய்தி இங்கே வந்து சேர்ந்திருந்தது. இவர் ஆமாம் என்பது போலவும் இல்லை என்பது போலவும் ஒரு சத்தம் எழுப்பினார்.

சின்னவள் கம்பிக்கு வெளியே துதிக்கையை நீட்டினாள். அவர் அந்த நுனியை இரண்டு கையாலும் ஏந்தினார். அவ்வளவுதான் செய்யலாம், அதற்கு மேல் கூடாது. அவள் காத்திருந்தாள். ஒன்றும் வராததால் முகக்கவசத்தைத் தடவிப் பார்த்தாள், காது மடலைத் தடவினாள், செங்காவி படிந்திருந்த உள்ளங்கை இப்போது வெளுத்திருந்தது, அதை நெடுநேரம் முகர்ந்தாள். பிறகு தானே அவர் முகத்தில் ஒரு முறை ஊதினாள். முகக்கவசத்தைத் தாண்டி வாசனை வரவில்லை. "என்ன கண்ணு," என்றார். நாளைக்கு இவளும் நம்மிடமிருந்தோ, நாம் இவளிடமிருந்தோ என்று தொடங்கிய எண்ணத்தை முடிக்காமல் விட்டார்.

பக்கத்து அறையின் கதவு திறந்தே இருந்தது. தரையை மருந்து ஊற்றிக் கழுவியிருந்தார்கள். தண்ணீர்க் குழாயில் சொட்டுகூட இல்லை. முக்காலியை யாரோ சுவரோரம் தள்ளிவைத்திருந்தார்கள். அரம் அவர் மாட்டிய ஆணியிலேயே இருந்தது, அதன் பற்களில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. பெரியவளின் பின் இடது காலில் கடைசி இரண்டு நகங்கள் ராவப்படவில்லை.